பதில்: ஸ்கிரிப்ட் ஓட்டியதும் சோன்மைண்டர் கிளம்பவில்லை

வணக்கம் சார். வேளச்சேரி குடியிருப்பில் 8 கேமராக்கள், உபுண்டு கணினியில் சோன்மைண்டர் (கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் மென்பொருள்), நெட்டில் எடுத்த ஸ்கிரிப்டால் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) அதை மேம்படுத்தியதும் பதிவேட்டில் 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், இந்தப் பிழையால் பழைய வீடியோ அழியாது. நிரல் புதிதாகிவிட்டது, தரவுத்தளம் மட்டும் பழைய பதிப்பிலேயே நிற்கிறது.

முதலில் சோன்மைண்டர் சேவையை மட்டும் நிறுத்திவிட்டு, மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு சோன்மைண்டரின் 'இசட்எம்' தரவுத்தளத்தை நகலெடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கேமரா அமைப்புகள், நிகழ்வுப் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நகலைப் பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். அப்புறம் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) சோன்மைண்டரின் 'இசட்எம்அப்டேட்.பிஎல்' நிரலை ஓட்டுங்கள். அது அட்டவணைகளைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிடும். பிறகு சேவையைத் தொடங்கலாம்.

உங்கள் ஸ்கிரிப்டில் இந்தப் படியே இல்லை. ஒரு வரி தவறினாலும் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. தொடக்கத்திலேயே 'செட் மைனஸ் ஈ' என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள், பிழை வந்த இடத்திலேயே நின்றுவிடும். நகல் எடுக்கும் வரி, நிறுவும் வரிக்கு முன்னால் வரட்டும்.

கடவுச்சொல் போன்ற சொந்த மாற்றங்களை 'இசட்எம்.கான்ஃப்' என்ற அமைப்புக் கோப்பில் எழுதாமல் 'கான்ஃப்.டி' அடைவில் (ஃபோல்டரில்) தனிக் கோப்பாக வையுங்கள். அடுத்த மேம்படுத்தலில் அவை தப்பிக்கும்.

ஒன்று கேட்க வேண்டும்: யுபிஎஸ் இருக்கிறதா? தரவுத்தளம் மாறும்போது கரண்ட் போனால் சிக்கல். மழை நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஓட்டியபின் வரும் செய்தியை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.