டைட்டன்ஃபால் 2: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: டைட்டன்ஃபால் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் கதை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்களே, அதற்குப் போய் காசு கொடுக்கலாமா சார்?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஐந்தாறு மணி நேரம்தான் வரும், ஆனால் இழுவையே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக ஒன்றைத் தருவார்கள், அது சலிப்பதற்குள் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். 'எஃபெக்ட் அண்ட் காஸ்' கட்டத்தையே பாருங்கள். இடிந்து கிடக்கும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறீர்கள், மணிக்கட்டில் ஒரு கருவி. ஒரு பட்டனைத் தட்டினால் அதே இடம் பழைய காலத்துக்குப் போய்விடும்: விளக்குகள் எரியும், காவலர்கள் சுடுவார்கள். இங்கே தீ வழியை மறித்தால் அங்கே தாவி நடந்து போகலாம். இந்தக் காலத்துச் சுவரில் ஓடிக் குதித்து, அந்தரத்தில் பட்டனைத் தட்டி, அந்தக் காலத்துச் சுவரைப் பிடிக்க வேண்டும். இதை வைத்தே ஒரு முழு கேம் செய்திருக்கலாம், இதை உருவாக்கிய ரெஸ்பான் கம்பெனி ஒரே கட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. மணிக்கணக்கைப் பார்த்து விலை போடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: இப்போதே வாங்கவா, ஆஃபர் வரட்டுமா?

பதில்: பொறுங்கள். 2016 அக்டோபர் 28 அன்று 60 டாலருக்கு வந்த கேம் இது. ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்டு 1, ஒரு வாரம் கழித்து கால் ஆஃப் டியூட்டி. இரண்டு பெரிய சண்டை கேம்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, பாவம். 2020 முதல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலும் கிடைக்கிறது, பெரிய தள்ளுபடிகளில் விலை மிகவும் இறங்கும். விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள்.

கேள்வி: எனக்கு மல்டிபிளேயர் மட்டும் போதும்.

பதில்: அப்படியானால் முதலில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸை ஆடிப் பாருங்கள். அதே கம்பெனி, அதே கதை உலகம், இலவசம். ஆனால் சுவரில் ஓடுவதும் டைட்டன் என்ற ராட்சத ரோபோவில் ஏறிச் சண்டை போடுவதும் அதில் இல்லை. அவைதான் வேண்டும் என்றால் டைட்டன்ஃபால் 2 தான். பின்னால் வந்த மேப்களுக்கும் (சண்டைக் களங்கள்) தனிக் காசு கேட்கவில்லை. பழைய கேம் என்பதால் எந்த நேரமும் ஆள் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் பழசு. ஓடுமா?

பதில்: 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 660 அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, 45 ஜிபி இடம். குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும். சந்தேகம் இருந்தால் ஸ்டீமிலேயே வாங்குங்கள். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மேலே சொன்ன கட்டம் அதற்குள் வராமல் போகலாம். ஆனால் சுவரில் ஓடுவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும்.