பழைய பக்கங்களைத் திருத்தலாமா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஓவியருக்கு,

வணக்கம். உங்கள் கலங்கரை விளக்கக் கதையைப் பள்ளியில் படிக்கும்போது முதலில் வாசித்தேன். கறுப்பு வெள்ளைப் புத்தகம், மெல்லிய தாள், பின்பக்கத்துப் படம் லேசாகத் தெரியும். பனிமூட்டம் ஏறி ஏறிக் கடைசியில் கலங்கரை விளக்கமே மறைந்துபோகிற பக்கங்கள் இன்றும் மனதில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கதைக்கு மறுபதிப்பு வரப்போகிறது என்று அறிந்தேன். இன்று உங்கள் கோடு எவ்வளவோ தேறியிருக்கிறது, பழைய படங்களைப் புதிதாக வரைந்து வண்ணமும் சேர்த்தால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்த வெள்ளைப் பக்கங்களுக்கான உந்துதல் எங்கிருந்து வந்தது? தனிமையைக் காட்டத்தான் அப்படி வெறுமையாக விட்டீர்களா?

இன்னொன்று. நானும் படக்கதை வரைகிறேன். பார்த்தவர்கள் உங்கள் சாயல் இருப்பதாகச் சொல்கிறார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா? சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திரும்ப வரையப்போவதில்லை. வண்ணமும் சேர்க்கப்போவதில்லை. வேறு சிலரும் இதே கேள்வியோடு எழுதியிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று விளக்க உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அந்தப் பனிமூட்டம் தாளிலிருந்து வந்தது. எழுதி வைத்திருந்த கதையில் அது புயல் இரவு. மழை, அலை, பாறை, நனைந்த சுவர் எல்லாவற்றையும் நெருக்கமான குறுக்குக் கோடுகளால் வரைய நினைத்திருந்தேன். அப்போது எனக்கு அந்த வகைக் கோடுகள் மேல் தீராத ஆசை. ஆனால் கதை அச்சாகப்போவது மையை உறிஞ்சுகிற மெல்லிய தாளில். நாங்கள் வரைவது பெரிய அட்டையில். அச்சில் படம் சுருங்கும். கோடு சுருங்கும்போது கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளையும் சுருங்கும். அதற்கு மேல் தாள் மையை இழுத்துப் பரப்பும். இரண்டும் சேர்ந்தால் நிப்பால் இழைத்த மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் சாம்பல் திட்டாகிவிடும். சோதனை அச்சில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிரஷ்ஷால் முழுக் கறுப்பாக நிரப்பலாம். ஆனால் அந்தத் தாளில் கறுப்பு பின்பக்கம் வரை தெரியும், நீங்களே கவனித்திருக்கிறீர்கள். மீதம் இருந்தது வெள்ளை. புயலை வெள்ளையாகக் காட்ட வழியில்லை, பனிமூட்டத்தைக் காட்டலாம். அப்படித்தான் புயல் போய்ப் பனி வந்தது.

வந்ததும் கதையே மாறிவிட்டது. புயல் என்றால் கலங்கரை விளக்கக் காவலருக்கு வேலை இருக்கும்: ஓடுவார், கதவை இழுத்துக் கட்டுவார், கத்துவார். பனிமூட்டத்தில் அவர் செய்ய ஒன்றுமில்லை. விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெளிச்சம் யாரையாவது எட்டுகிறதா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் தனிமை என்று சொல்வது அங்கேதான் கதைக்குள் நுழைந்தது. அதைக் காட்ட வேண்டும் என்று நான் வெள்ளையை விடவில்லை. வெள்ளையை விட்டபிறகு அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் படியேறும் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். குறுகலான, நெட்டுக்குத்தான ஏழு கட்டங்கள். முதல் கட்டத்தில் கைப்பிடிக் கம்பி கட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழுதாக ஓடுகிறது. மூன்றாவதில் விளிம்பைத் தொடும் முன்பே நிப்பைத் தூக்கிவிட்டேன். ஐந்தாவதில் கம்பி நடுவில் விட்டுப்போய், அவர் கை வைத்திருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி தெரிகிறது. ஏழாவதில் கம்பியே இல்லை, விரல்கள் மட்டும் எதையோ பிடித்தபடி இருக்கின்றன. பனி என்று நான் எதையும் வரையவில்லை. கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்தேன். நாலாவது கட்டத்தில் முதலில் ஒரு பேச்சு பலூன் இருந்தது, 'யாரது?' என்று கேட்பார். எடுத்துவிட்டேன். பலூனுக்கு உள்ளேயும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை. அது மிதக்கிறதே தவிர யார் வாயிலிருந்து வருகிறது என்று கண் தேட வேண்டியிருந்தது. அந்த அத்தியாயம் கடைசி வரை பேச்சில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

எல்லோருக்கும் உந்துதல் இப்படி வெளியிலிருந்துதான் வரும் என்று சொல்லமாட்டேன். டின்டின் படக்கதைகளை உருவாக்கிய பெல்ஜிய ஓவியர் எர்ஜே, 1958–59இல் திபெத் கதையைத் தொடராக வரைந்துகொண்டிருந்தபோது சொந்த வாழ்க்கையில் பெரிய நெருக்கடியில் இருந்தார். கனவில் எங்கு பார்த்தாலும் வெள்ளை, அதுவும் பயமுறுத்தும் வெள்ளை. அவர் பார்க்கப் போன உளப்பகுப்பாய்வாளர் வேலையை நிறுத்தச் சொன்னார். எர்ஜே நிறுத்தவில்லை, பனிமலைகளுக்கு நடுவே நண்பனைத் தேடிப் போகும் அந்தக் கதையை வரைந்து முடித்தார். அங்கே வெள்ளை உள்ளிருந்து வந்தது. ஆனால் வந்தபிறகு அவருக்கும் மேசையில் ஒரு வேலை இருந்தது: முழு வெள்ளைக் கட்டத்தில் சின்ன மனித உருவத்தைத் தொலைந்துபோகாமல் நிறுத்த வேண்டும். அவருடைய அழுத்தமான, மூடிய, நிழல் கலக்காத கோடு அங்கே எவ்வளவு கைகொடுக்கிறது என்று கவனியுங்கள். கனவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கட்டத்துக்குள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். நான் உந்துதல் என்று மதிப்பது இந்த இரண்டாவது பகுதியைத்தான். முதல் பகுதி எல்லோருக்கும் வருகிறது.

இப்போது திரும்ப வரைவதற்கு வருவோம். இதற்கும் எர்ஜேயே உதாரணம். அவருடைய 'கறுப்புத் தீவு' கதை 1937–38இல் கறுப்பு வெள்ளையில் தொடராக வந்தது, 1943இல் வண்ணப் புத்தகமானது. கதை பெரும்பாலும் பிரிட்டனில் நடக்கிறது. பிற்பாடு ஆங்கிலப் பதிப்புக்கு ஏற்பாடானபோது, பதிப்பாளர்கள் இது தப்பு, அது தப்பு என்று 131 திருத்தங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். எர்ஜே தன் உதவியாளர் பாப் டெ மூரை பிரிட்டனுக்கே அனுப்பி, பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொன்னார். முழுக் கதையும் மறுபடி வரையப்பட்டு 1966இல் புத்தகமாக வந்தது. ரயில்கள், சீருடைகள், கட்டடங்கள் எல்லாம் அத்தனை கச்சிதம்.

இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புதியதில் உள்ள உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு 1943 பதிப்புதான் பிடிக்கும், என்னைப் போல நினைக்கிற வாசகர்கள் நிறையப் பேர். பழையதில் பின்னணி எளிமையாக இருக்கிறது, அதனால் ஓடுகிறவர் ஓடுவது தெரிகிறது. புதியதில் அவருக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு பொருளும் 'என்னையும் பார்' என்கிறது. 1930களின் துரத்தல் கதைக்கு 1960களின் உலகத்தை மாட்டிவிட்டார்கள்.

என் விருப்பத்துக்கு நேர் எதிராகவும் ஒருவர் இருந்தார். ஜப்பானியப் படக்கதை ஓவியர் ஒசாமு தெசூகா தன் கதைகளை மறுபதிப்பின்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தார். 1947இல் வந்த 'புதிய புதையல் தீவு' கதையைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தொகுப்பு நூலுக்காக அடியிலிருந்து மறுபடி வரைந்தார். அவருக்குக் கதை என்பது எப்போதும் நடந்துகொண்டே இருக்கும் விஷயம். அந்த மனநிலையை மதிக்கிறேன். எனக்கு அது வராது.

ஏனென்றால் இன்று நான் அந்தப் படிக்கட்டுப் பக்கத்தை வரைய உட்கார்ந்தால் என் முன்னால் அந்தத் தாள் இல்லை. இன்றைய அச்சில் முடியளவு கோடுகூடத் துல்லியமாக விழும். கறுப்பு பின்பக்கம் தெரியாது. டேப்லெட்டில் கோடு பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். தாளும் நிப்பும் என்னிடம் வைத்த கேள்விதான் பனிமூட்டமாக மாறியது. கேள்வி போய்விட்டது, இனி விடையை மட்டும் எடுத்து மெருகேற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்றைய வசதியோடு வரைந்தால் அது புயல் கதையாகத்தான் இருந்திருக்கும். ஒருவேளை நல்ல புயல் கதையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் படித்தது அதுவல்ல.

வண்ணத்துக்கும் இதே பதில்தான். அந்தப் பக்கங்களில் பனி என்பது தாளின் வெறுமை. அதன்மேல் மெல்லிய நீலமோ சாம்பலோ பூசினால், 'இங்கே பனி இருக்கிறது' என்று நானே வாசகருக்குச் சொல்லிவிட்டதாக ஆகும். மறுபதிப்பில் செய்யப்போவது ஒன்றுதான்: ஒரிஜினல் பக்கங்களிலிருந்து நேராக ஸ்கேன் எடுக்கிறோம். பழைய பதிப்பில் அடைபட்டுப்போன சில கோடுகள் இப்போது திறந்து தெரியும். அதோடு பனிக்குப் பொருத்தமாக, பளீரென்று வெளுக்காத தாளாகக் கேட்டிருக்கிறேன்.

பழைய பக்கங்களைப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் காலத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகம் வருகிறது. அப்போது வரிசையில் காத்திருப்பவர்களை ஓயாமல் ஸ்கெட்ச் செய்துகொண்டிருந்தேன். காத்திருக்கிற மனிதர் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறார். எடை முழுவதும் ஒரு காலுக்குப் போகிறது, அந்தப் பக்கத்துத் தோள் இறங்குகிறது, கழுத்து அதைச் சரிக்கட்ட மறுபக்கம் சாய்கிறது. காவலரின் நிற்பு முழுக்க அந்த நோட்டுகளிலிருந்து வந்ததுதான். இன்று நான் வரைகிற முதியவர்கள் வேறு மாதிரி நிற்கிறார்கள், நான் இப்போது வேறு மனிதர்களைப் பார்க்கிறேன். இரண்டு வகையும் எனக்குப் பிரியமானவைதான். பழையது சிறந்தது, புதியது ஆறிப்போனது என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை.

சரி, உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன். சாயல் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் கேப்டன் டைகராக நாம் அறிந்த ப்ளூபெர்ரியை பிரெஞ்சு ஓவியர் ஜிரோ 1963இல் வரையத் தொடங்கியபோது அதில் அவருடைய குரு ஜிஜேயின் கை அப்படியே தெரியும். அதே ஜிரோதான் பன்னிரண்டு வருஷம் கழித்து மோபியஸ் என்ற பெயரில், ஒரு வார்த்தைகூட இல்லாத 'ஆர்ஸாக்' பக்கங்களை வரைந்தார். சாயலோடு தொடங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இத்தாலிய ஓவியர் ஹ்யூகோ பிராட் 1967இல் வரையத் தொடங்கிய கோர்ட்டோ மால்ட்டீஸ் என்ற மாலுமிக் கதையில் கறுப்புத் திட்டுகளால் முகத்தையும் கடலையும் செதுக்குவார். அதை அவர் அமெரிக்கப் படக்கதை ஓவியர் மில்டன் கேனிஃப்பிடமிருந்து கற்றார். கேனிஃப், தன்னோடு ஒரே ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேலை செய்த நோயல் சிக்கிள்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். சிக்கிள்ஸ் ஒரு விமானி கதையைத் தினத்தொடராக வரைந்தவர். தினமும் ஒரு சின்னப் பட்டைக்குள், செய்தித்தாள் அச்சில், வெளிச்சமும் ஆழமும் உள்ள நிஜ இடமாகத் தோன்றும்படி வரைய வேண்டும், அதையும் வேகமாக முடிக்க வேண்டும். கோடு கோடாக இழைத்தால் நேரமும் போதாது, அச்சிலும் நிற்காது. பிரஷ்ஷால் நிழலை மட்டும் போட்டு, வெளிச்சத்தைத் தாளிடமே விட்டார். 1936இல் அவர் அந்தத் தொடரை விட்டு விளக்கப்பட ஓவியத்துக்குப் போய்விட்டார், அந்த முறை மட்டும் கைமாறிக் கைமாறி பிராட் வரை வந்தது. பிராட்டின் அவசரம் வேறு வகை, அவர் வரைந்த கடலும் வேறு வகை. அதனால் அவர் கறுப்பு கேனிஃப்பின் கறுப்பாக இல்லை.

உங்கள் மூன்றாவது பக்கத்தில் பேருந்து நிறுத்தம் வருகிறது. நிழல் காலடியிலேயே விழுகிறது, ஆக உச்சி வெயில். ஆனால் கைப்பிடிக் கம்பி நடுவில் விட்டுப்போகிறது, கூரையின் விளிம்பும் பாதியில் நிற்கிறது. அங்கே பனி இல்லையே, கோடு ஏன் நிற்க வேண்டும்? என் கதையில் அது நின்றதற்குக் காரணம் இருந்தது. உங்கள் கதையில் இருப்பது கண் கூசும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கம்பி எப்படித் தெரியும், எந்தப் பக்கம் கரைந்துபோகும், எந்தப் பக்கம் கத்தி மாதிரி நிற்கும் என்று நேரில் போய்ப் பார்த்து வரையுங்கள்.

அதே பக்கத்தின் மூலையில் ஒரு சிறுமி குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறாள். முதுகிலிருந்த பை நழுவித் தலைக்கு முன்னால் வந்துவிட்டது, அதை முழங்கையால் தள்ளிக்கொண்டே கட்டுகிறாள். அதை யாரிடமிருந்தும் எடுக்க முடியாது, பார்த்தால்தான் வரும். அந்தக் கட்டத்தில் என் சாயல் துளியும் இல்லை, கோடும் தயங்கவில்லை. அதை ஏன் அவ்வளவு சின்னதாக மூலையில் வைத்தீர்கள்? பக்கத்தின் பாதியை அவளுக்குக் கொடுத்து மறுபடி ஒருமுறை லேஅவுட் போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை அனுப்பும்போது இங்க் செய்ததை மட்டும் அனுப்ப வேண்டாம், பென்சில் நிலையில் இருக்கும் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.