ரத்தக்குழாய் விறைப்பு அளக்கும் ஆய்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா?

நிறுத்தாதீர்கள். ஆய்வு நடத்தும் டாக்டரே சொன்னாலொழிய ஒரு வேளைகூட விடாதீர்கள். மாத்திரை போட்டால் அளவு கெட்டுப்போகும் என்று யாரோ பயம் காட்டியிருப்பார்கள். நீங்கள் போட்டது அவர்கள் தாளில் ஏறாவிட்டால்தான் கெடும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்ஸ். சில வருஷம் முன்பு இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் நடந்த ஒரு சின்ன ஆய்வில், பெரியவர்களிடம் தமிழில் பேசுவேன் என்று என்னை அளவெடுக்கப் போட்டார்கள். கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடி பார்த்து, நாடி அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிடுவோம். குழாய் விறைக்க விறைக்க வேகம் கூடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மணிக்கட்டில் அலையின் வடிவத்தையும் பதிவோம்.

ஒரு நாள் எழுபது தாண்டிய ஆயா ஒருவர் வந்தார். வேகம் 12-க்கு மேல். அலையோ இளம்பெண்ணுடையது போல, வயதானவர்களுக்கு வரும் அந்த இரண்டாவது மேடு இல்லாமல் வழுக்கி இறங்கியது. திரும்ப எடுத்தேன், அதேதான். தாளில் 'மருந்து: இல்லை' என்றிருந்தது.

"ஆயா, காலையில ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல கண்ணு, வெறும் வயித்துல வரச் சொன்னீங்களே."

அவர் கைப்பையில் கிளினிக்கில் தரும் சின்ன பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. இது என்ன என்றேன்.

"அது முழுங்குறது இல்லியே. படி ஏறினதும் நெஞ்சைப் புடிச்சுது, நாக்குக்கு அடியில வெச்சேன்."

ஐசோசார்பைட் டைநைட்ரேட், நெஞ்சுவலிக்கான மாத்திரை. முதலில் டாக்டரைக் கூப்பிட்டேன், அளவு அப்புறம்தான். அந்த மருந்து சின்னக் குழாய்களைத் தளர்த்தி, அந்த இரண்டாவது மேட்டை உண்டாக்கும், திரும்பி வரும் அலையைச் சில நிமிஷத்தில் அடக்கிவிடும். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான பெருந்தமனியின் விறைப்பு பெரிதாக மாறாது. அதனால்தான் ஒரே உடம்பில் இரண்டு வயது.

மருந்து போடுகிறாரா என்பதற்கு 'ஆம், இல்லை' என்று ஒரே கட்டம் போட்டால் அட்டெனோலால், அம்லோடிபின் என்ற இரு வேறு வகை பிரஷர் மாத்திரைகளும் ஒன்றாகிவிடும். இந்த இரண்டையும் அடிப்படையாக வைத்த சிகிச்சைகளை ஒப்பிட்டு 2006-இல் வெளிவந்த கேஃப் (CAFE) ஆய்வில் 2,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். கையில் அளந்த பிரஷர் இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இதயத்தருகே பெருந்தமனியில் கணக்கிட்டபோது அம்லோடிபின் பிரிவில் 4.3 புள்ளி குறைவு. இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய் கெட்டவர்களுக்குத்தான் மாத்திரையே எழுதித் தருகிறார்கள். பட்டியலை அப்படியே படித்தால் மாத்திரைதான் விறைப்பைக் கொண்டுவந்தது போலத் தெரியும். மாத்திரைக்காரர்களை ஒதுக்கினாலோ, நல்ல ஆரோக்கியமுள்ளவர்களும் இன்னும் நோய் கண்டுபிடிக்கப்படாதவர்களும்தான் மிஞ்சுவார்கள்.

'நர்ஸுக்குப் புள்ளியியல் என்ன தெரியும்' என்று எழுத வருபவர்களுக்கு: நான் கணக்குப் போட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் எண்ணை எடுத்தது என் கை. அந்த ஆயாவுக்குப் பிறகு கேள்வித்தாளையே மாற்றினார்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம் எல்லாம் சேர்ந்தன. கட்டுரை வந்தபோது நன்றி சொல்லும் வரியில்கூட என் பெயர் இல்லை. படிக்கட்டில் அந்த ஆயாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவந்த வாட்ச்மேன் அண்ணன் பெயரும் இல்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

உங்களுக்கு நான் சொல்வது: வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முட்டிவலிக்குப் போடும் புரூஃபென் பிரஷரை ஏற்றும், சளி மாத்திரையில் சிலதும் ஏற்றும். கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் நாடித்துடிப்பைக் குறைக்கும்.