நாளைக்கு ஆப் மூடினாலும் வண்டி ஓடணும்: இன்டோர் சைக்கிளிங் கேள்வி பதில்

வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி மிதிக்கும் ட்ரெயினர் கருவி, அதோடு ஓடும் ஆப் சம்பந்தமாக என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: மாதாமாதம் காசு கட்டி ஓட்டுகிற ஆப் அடுத்த வருடம் இருக்குமா? நான் ட்ரெயினரில் மிதிக்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. இந்த எட்டு வருடத்தில் சில ஆப்கள் மூடியதையும் சில கைமாறியதையும் பார்த்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): சார், ரெண்டு வருஷமா ஸ்விஃப்ட் (Zwift) சைக்கிளிங் ஆப்புக்கு சந்தா கட்டறேன். ஆள்குறைப்பு, விலையேத்தம்னு செய்தி வந்துட்டே இருக்கு. மூடிடுவாங்களா? வருஷ சந்தா கட்டலாமா, வேண்டாமா?

பதில்: மூடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2014இல் சோதனையாக ஆரம்பித்து, 2015 அக்டோபரில் மாதம் 10 டாலர் வாங்கத் தொடங்கிய கம்பெனி அது. கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது ஆள் கூட்டம் தாங்கவில்லை. 2020 செப்டம்பரில் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் முதலீட்டாளர்கள் 45 கோடி டாலர் போட்டார்கள். வீட்டுக்குள் வந்தவர்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் வந்த பணம் அது. ஊரடங்கு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள் தயாரிக்கும் திட்டத்தை 2022இல் கைவிட்டார்கள், கூடவே ஆட்களையும் குறைத்தார்கள். 2023லும் 2024லும் மறுபடி ஆள்குறைப்பு. 2024இல் மாதச் சந்தா 14.99 டாலரிலிருந்து 19.99 ஆனது.

இதை வைத்து "முடிந்தது" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதலீட்டாளர் பணத்தை நம்பிப் பெருத்த ஒரு கம்பெனி இப்போது ஓட்டுபவர்களின் சந்தாவுக்குள் அடங்கி வாழப் பழகுகிறது. விலையேற்றம் நம் பைக்குக் கஷ்டம்தான். ஆனாலும் செலவைச் சந்தாவிலிருந்தே எடுக்கிற கடை சட்டென்று மூடாது.

வருடச் சந்தா பற்றி: கோவையில் வருடம் முழுக்க வெளியே ஓட்டலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மழை மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா கட்டுவேன். நடுவில் நிறுத்தினாலும் உங்கள் லெவல், பழைய ரைடு எல்லாம் அக்கவுண்டில் அப்படியே இருக்கும். திரும்பக் கட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி (சென்னை): ஒரு ஆப் நிஜமாவே மூடினா நமக்கு என்னதான் போகும்? உதாரணம் ஏதாவது இருக்கா?

பதில்: ஆர்ஜிடி என்ற ஆப். அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

கிராஃபிக்ஸ் சாதாரணம்தான். ஆனால் சாலையின் உணர்வு அதில் இருந்த மாதிரி வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. வான்டூ, ஸ்டெல்வியோ போன்ற நிஜ ஐரோப்பிய மலைச் சாலைகள், வளைவில் வேகம் குறையும், முன்னால் போகிறவர் பின்னால் ஒளிந்தால் காலில் வித்தியாசம் தெரியும். அதோடு மேஜிக் ரோட்ஸ் என்று ஒரு வசதி. நீங்கள் எங்கேயோ ஓட்டிய பாதையின் ஜிபிஎக்ஸ் ஃபைலை (பாதையின் ஜிபிஎஸ் பதிவை) அனுப்பினால், அதே ஏற்ற இறக்கத்தோடு ஒரு சாலை உருவாகி வரும். நான் கொல்லிமலையை அனுப்பினேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். திரையில் புளியமரமும் இல்லை, குரங்கும் இல்லை, ஏதோ பொதுவான பச்சை மரங்கள். ஆனால் எந்த வளைவுக்கு அப்புறம் மூச்சு வாங்கும் என்பது என் காலுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

2022 ஏப்ரலில் ட்ரெயினர் தயாரிக்கும் வாஹூ அதை வாங்கியது. அதே வருடம் அக்டோபரில் ஸ்விஃப்ட் சொந்தமாக ஹப் என்ற ட்ரெயினரை 499 டாலருக்கு இறக்க, காப்புரிமையை மீறியதாக வாஹூ வழக்குப் போட்டது. 2023 செப்டம்பரில் சமரசம் ஆகி, இருவரும் கூட்டாளிகளே ஆகிவிட்டார்கள். வாஹூ ட்ரெயினரை ஸ்விஃப்ட் விற்கும். அப்புறம் சில வாரங்கள்தான். 2023 அக்டோபர் 31ஆம் தேதியோடு ஆர்ஜிடி மூடப்பட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓட்டிய ரைடு, ரைடுகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ராவா ஆப்புக்கும் போயிருந்தால் அது போகாது. ஜிபிஎக்ஸ் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் அதுவும் போகாது. அந்தச் சாலைகள் போகும். வியாழக்கிழமை சாயங்காலம் கூடவே ஓட்டிய நான்கு பேர் நான்கு திசையில் போவார்கள். அவர்களைத் திரும்பச் சேர்ப்பது எந்த ஃபைலாலும் ஆகாது.

கேள்வி (ரொறன்ரோ): அண்ணை, இங்க நாலு அஞ்சு மாதம் வெளியில ஓடவே ஏலாது. மைவூஷ் ஆப்பைச் சும்மா தாறாங்கள். ஏன் மாதம் 20 டொலர் குடுக்கவேணும்? மாறலாமோ?

பதில்: தம்பி, தாராளமாக ஓட்டிப் பாருங்கோ. இலவசம் என்றால் தரம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பயிற்சித் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. பந்தயங்களில் பரிசுப் பணமும் பெரிது. உங்கள் குளிர்காலத்துக்கு அது தாராளம்.

ஒரு கேள்வியை மட்டும் மனதில் வையுங்கோ: இதற்கு யார் காசு கட்டுகிறார்கள்? மைவூஷ் அபுதாபியிலிருந்து வருவது. ஓட்டுபவர்களிடம் ஒரு சதம் வாங்குவதில்லை, பரிசை அள்ளிக் கொடுக்கிறது. அப்படியானால் செலவு முழுவதும் உரிமையாளர்களின் பையிலிருந்து போகிறது. அவர்களுக்கு விருப்பம் இருக்கும் வரைக்கும் அது ஓடும். ஸ்விஃப்டில் ஆயிரம் பேர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினால் கம்பெனிக்கு வலிக்கும், அதனால் காது கொடுத்துக் கேட்பார்கள். சும்மா ஓட்டுகிறவர்கள் கோபித்தால் யாருக்கு வலிக்கும்? எனக்கு அந்த ஆப் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. வாரம் ஒரு நாள் நானும் அதில் ஓட்டுகிறேன். ஆனால் என் எட்டு வருடக் கணக்கை அதில் மட்டும் வைத்திருக்க மாட்டேன்.

கேள்வி (மதுரை): புதுசா ட்ரெயினர் வாங்கப்போறேன். எந்த ஆப்போடயும் மாட்டிக்காம இருக்க எதைப் பார்த்து வாங்கணும்?

பதில்: எல்லோருக்கும் பயன்படுகிற கேள்வி இது, நிதானமாகவே சொல்கிறேன்.

பெட்டியில் பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் எஃப்டிஎம்எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் வழியாக எந்த ஆப்பும் எந்த ட்ரெயினரோடும் பேச ஒப்புக்கொண்ட பொதுமொழி அது. அது இருந்தால் இன்று இருக்கும் ஆப்பும் கேட்கும், நாளைக்கு வரப்போவதும் கேட்கும். ஆன்ட் பிளஸ் என்று இன்னொரு மொழி ரொம்ப நாளாக இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் கொடுக்கும் திட்டத்தை, அதை நடத்தும் கார்மின் கம்பெனி 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய கருவிகள் ஓடும். புதிதாக வாங்கும்போது அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அடுத்தது கியர். இப்போது பல ட்ரெயினர்கள் கேசட் (பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கு) இல்லாமல் ஒற்றைப் பல்சக்கரத்தோடு வருகின்றன. ஸ்விஃப்ட் காக் என்று சொல்வார்கள். கையில் ஒரு பட்டனை அழுத்தினால் ட்ரெயினரே பாரத்தை மாற்றும், நிஜ கியர் மாறாது. சத்தம் குறைவு, வீட்டில் இருக்கிற எல்லோர் சைக்கிளையும் மாட்டலாம், நல்ல விஷயம்தான். ஆனால் முதலில் அந்த மெய்நிகர் கியர் ஸ்விஃப்டில் மட்டும்தான் வேலை செய்தது. 2025இல்தான் நிஜ சாலை வீடியோ ஆப்பான ரூவிக்கும் திறந்துவிட்டார்கள். இன்னும் எல்லா ஆப்பிலும் ஒரே மாதிரி வராது. அதனால் கேசட் மாட்டக்கூடிய மாடலாகப் பாருங்கள். ஒற்றைச் சக்கரம்தான் கையில் இருக்கிறது என்றாலும் பயப்பட வேண்டாம். எர்க் மோடில், அதாவது ஆப்பே வாட்டை (மிதிக்கும் சக்தியை) பிடித்து வைக்கிற முறையில், எதிலும் பயிற்சி செய்யலாம்.

வாங்கியதும் முதல் வேலையாகத் தயாரிப்பாளரின் ஆப்பைத் திறந்து ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பித்துவிடுங்கள். கருவி செய்கிற கம்பெனிகளும் ஆட்டம் காணாமல் இல்லை. வாஹூவே கடன் நெருக்கடியில் சிக்கி, 2023இல்தான் அதைத் தொடங்கியவர் கைக்குத் திரும்ப வந்தது.

கேள்வி (பெங்களூரு): எனக்கு கேம், அவதார் எதுவும் வேண்டாம். வாட் காட்டினா போதும். எது நிலைக்கும்?

பதில்: ட்ரெயினர்ரோட் என்ற பயிற்சி ஆப். மலை, கடல், நகரம் என்று வரைந்துகொண்டே இருக்கும் செலவு அவர்களுக்கு இல்லை. 2011இலிருந்து அதே வேலையைச் செய்கிறார்கள். உங்களுக்கு அதுவே போதும்.

கேள்வி (சிங்கப்பூர்): சின்ன ஆப்கள் எல்லாம் பெரிய கம்பெனிகள் கைக்குப் போகின்றனவே. கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சுமா?

பதில்: அப்படித்தான் தெரிகிறது. நிஜ சாலை வீடியோவில் ஓட்டும் ஆஸ்திரேலிய ஃபுல்காஸை, ட்ரையத்லான் போட்டி நடத்தும் அயர்ன்மேன் கம்பெனி 2021இல் வாங்கியது, 2025இல் அது செக் நாட்டு ரூவி கைக்குப் போனது. பந்தயப் பிரியர்கள் கொண்டாடிய இண்டிவெலோ 2024இல் ட்ரெயினிங்பீக்ஸுக்குப் போய் ட்ரெயினிங்பீக்ஸ் வர்ச்சுவல் ஆனது. இந்த இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இண்டிவெலோ போன இடத்தில் அதற்கு வேலை இருந்தது: பயிற்சித் திட்டம் எழுதும் தளத்துக்கு ஓட்டிக்காட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. ஏற்கெனவே வீடியோ ஆப் வைத்திருப்பவர் இன்னொரு வீடியோ ஆப்பை வாங்கினால், வாங்கப்பட்ட ஆப் தனியாக நிற்கக் காரணம் ஏது? உங்கள் ஆப்பை யாராவது வாங்கினால், வாங்குகிறவரிடம் அதே பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): அண்ணா, ரேஸ் ஓட்டறேன். உலகப் போட்டி ஸ்விஃப்ட்ல இருந்து போயிடுச்சே. நானும் மாறிடணுமா?

பதில்: சர்வதேச சைக்கிளிங் அமைப்பான யூசிஐயின் முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி 2020 டிசம்பரில் ஸ்விஃப்டில் நடந்தது. ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் ஜெயித்தார், அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். 2024இல் போட்டி மைவூஷுக்குப் போனது, இறுதிச் சுற்று அபுதாபியில். அங்கேயும் ஜெயித்தது அவரேதான்! காலில் வலு இருந்தால் எந்தத் திரையாக இருந்தால் என்ன, தம்பி? உன் மட்டத்துக்கு எதிரிகள் எங்கே நிறைய இருக்கிறார்களோ அங்கே ஓட்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு உன் பிரிவில் 50 பேர் வரிசையில் நிற்கும் ஆப்தான் உனக்கு நல்ல ஆப். ஆப்பில் உன் எடையை மட்டும் உண்மையாகப் போடு.

கேள்வி (சேலம்): பழைய ரைடு எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைக்க வழி சொல்லுங்க.

பதில்: கம்ப்யூட்டரில் ஸ்விஃப்ட் ஓட்டினால் டாக்குமென்ட்ஸில் ஸ்விஃப்ட் என்ற ஃபோல்டர், அதற்குள் ஆக்டிவிட்டீஸ். ஒவ்வொரு ரைடும் ஒரு ஃபிட் ஃபைலாக அங்கே கிடக்கும். அப்படியே காப்பி எடுங்கள். போனில் ஓட்டுபவர்கள் அவர்கள் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடாகத் திறந்து இறக்கலாம். ஸ்ட்ராவாவில் மொத்தமாகவே கேட்கலாம், அக்கவுண்ட் செட்டிங்கில் இருக்கிறது. அக்கவுண்டை அழிக்கும் பக்கத்திலேயே அந்த வசதியும் இருக்கும், எதை அழுத்துகிறோம் என்று பார்த்து அழுத்துங்கள். நான் பொங்கலுக்கு முந்தின நாள் இதைச் செய்வேன். வீட்டில் பழையது கழிக்கும்போது இதைப் பென்டிரைவில் சேர்த்து வைப்பேன்.

கேள்வி (நாமக்கல்): நீங்க கொல்லிமலை பத்தி முன்னாடி ஒரு தடவை சொன்னீங்க. ஆர்ஜிடி இல்லாம இப்ப அதை ட்ரெயினர்ல ஏற முடியுமா? மழையில மேல போக பயமா இருக்கு.

பதில்: முடியும், சந்தா ஏதும் இல்லாமலே. உங்களிடம் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டும் கார்மின் எட்ஜ் அல்லது வாஹூ எலிமென்ட் மீட்டர் இருந்தால் போதும். ஜிபிஎக்ஸ் ஃபைலை அதில் ஏற்றுங்கள். மீட்டரை ட்ரெயினரோடு இணைத்து, அந்தப் பாதையை இன்டோரில் ஓட்டு என்று தேர்ந்தெடுங்கள். ஏற்றம் வரும் இடத்தில் ட்ரெயினர் தானாக இறுகும். படம் இருக்காது, இரண்டு அங்குலத் திரையில் ஒரு கோடும் சரிவு சதவீதமும் மட்டும் தெரியும். நான் போன ஐப்பசி மழையில் அப்படித்தான் ஏறினேன். ஃபேன் ஒன்று போதவில்லை, இரண்டு வைத்தேன். நாற்பதாவது வளைவு தாண்டி வேர்வை மீட்டரில் சொட்டி எண் மறைந்தபோதும், காலை வைத்தே எங்கே இருக்கிறேன் என்று சொல்ல முடிந்தது. ஃபைல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.