ஒலியும் ரிமோட்டும் உள்ள மாதிரி ரயில் எஞ்சினை எப்படி ஓட்டுவது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: டீசல் சத்தம் போடும் எச்.ஓ. அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) எஞ்சின் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே இருந்த 12 வோல்ட் கண்ட்ரோலரில் இணைத்தால், குமிழைப் பாதி திருகும் வரை சத்தம் மட்டும் வருகிறது, வண்டி அசையவில்லை. அதன்பிறகு சட்டென்று ஓடுகிறது. ஹாரன் அடிக்க வழியே இல்லை. எஞ்சின் பழுதா, தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. கண்ட்ரோலர்தான் பொருந்தவில்லை.

பழைய முறையில் குமிழைத் திருகத் திருகத் தண்டவாளத்தில் வோல்ட்டேஜ் ஏறும். மோட்டார் அதற்கேற்ப வேகமாகச் சுற்றும். அவ்வளவுதான் அதன் மொழி. உங்கள் எஞ்சினுக்குள், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வாங்கும் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே டிகோடர் என்ற சிறு மின்பலகை இருக்கிறது. கிடைக்கும் வோல்ட்டேஜில் முதல் பங்கை அது எடுத்துக்கொண்டு, விழித்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் ஒலியை எழுப்பிய பிறகுதான் மோட்டாருக்கு மின்சாரம் விடும். பாதிக் குமிழ் அதிலேயே போய்விடுகிறது. ஹாரனைப் பொறுத்தவரை, 'இப்போது ஹாரன் அடி' என்று சொல்ல அந்தக் கண்ட்ரோலரிடம் வழியே கிடையாது.

இரண்டே தண்டவாளம் வழியாக மின்சாரத்தையும் அனுப்ப வேண்டும், கட்டளையையும் அனுப்ப வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் பழைய தலைவலி. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935-லேயே இதற்கு ஒரு அழகான வழி கண்டது. அவர்களுடைய ரயில்கள் மாறுதிசை மின்சாரத்தில் ஓடின. பொத்தானை அழுத்தினால் அதோடு கொஞ்சம் நேர்திசை மின்சாரம் கலந்துவிடும். எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டரில் (கரி, தண்ணீர்ப் பெட்டியில்) இருந்த ரிலே என்ற மின்சுவிட்ச் அதைக் கண்டுகொண்டு ஒரு சிறு காற்றாடியைச் சுழல வைக்கும். காற்று குழாய்க்குள் பாய்ந்து நிஜமாகவே ஊதும். பதிவு செய்த ஒலி இல்லை, காற்றே ஊதியது! இதே லயனலில் 1990-களில் ரிமோட் முறையை உருவாக்க உழைத்தவர்களில் ராக் பாடகர் நீல் யங்கும் ஒருவர். பெருமூளை வாதம் உள்ள தன் மகன் சுலபமாக ரயிலை இயக்க வேண்டும் என்பதுதான் அவரை இதில் இழுத்தது.

இப்போது உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்) என்ற முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக்கியது. அதனால்தான் ஒரு கம்பெனி கண்ட்ரோலரில் இன்னொரு கம்பெனி எஞ்சின் ஓடுகிறது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும், எச்.ஓ.வில் ஏறக்குறைய 15 வோல்ட். அதன் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டே இருக்கும். 58 மைக்ரோ விநாடியில் மாறினால் 'ஒன்று', 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் 'பூஜ்யம்'. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்துதான் '3-ஆம் எண் எஞ்சினே, முன்னால் போ' என்ற கட்டளை ஆகிறது. மற்ற எஞ்சின்களுக்கும் அது கேட்கும், ஆனால் அசையாது.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது ஒரு டி.சி.சி. கண்ட்ரோலர். பெரிய கம்பெனிகளின் தொடக்க நிலைப் பெட்டிகள் இந்தியாவுக்கு வந்து சேர்வதற்குள் சுங்க வரியோடு எஞ்சின் விலையை எட்டிப் பிடித்துவிடும். மின்னணுவியலில் கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால் டி.சி.சி.-இஎக்ஸ் என்ற திறமூல (ஓப்பன் சோர்ஸ்) திட்டத்தைப் பரிந்துரைப்பேன். ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை, அதன்மேல் தண்டவாளத்துக்கு மின்சாரம் விடும் மோட்டார் ஷீல்டு என்ற துணைப் பலகை, கூடவே ஒரு வைஃபை பலகை. எல்லாம் நம் ஊர் மின்னணுக் கடைகளில் கிடைப்பவை. 'எஞ்சின் டிரைவர்' என்ற ஆண்ட்ராய்டு செயலியைப் போட்டால் கைப்பேசியே ரிமோட். ஒரே குறை: கைப்பேசித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ரயிலைப் பார்க்க முடியாது. நிஜக் குமிழ் உள்ள ரிமோட் கையில் இருந்தால் கண் வண்டியை விட்டு நகராது. பணம் இருந்தால் அதற்குச் செலவழியுங்கள், இன்னொரு எஞ்சினுக்கு வேண்டாம்.

கடையிலிருந்து வரும் எஞ்சினின் டி.சி.சி. எண் (முகவரி) பெரும்பாலும் 3. ரிமோட்டில் 3-ஐத் தேர்ந்தெடுங்கள். ரிமோட்டின் எஃப் (ஃபங்ஷன்) பொத்தான்களில் எஃப்0 விளக்கு, அமெரிக்க எஞ்சின்களில் பொதுவாக எஃப்1 மணி, எஃப்2 ஹாரன், எஃப்8 ஒலியை எழுப்பவோ அடக்கவோ. ஐரோப்பிய எஞ்சின்களில் வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். ஹாரனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஒலித்து, விட்டதும் நிற்க வேண்டும். ஒருமுறை தட்டினால் அலறிக்கொண்டே இருக்கிறது என்றால் ரிமோட்டின் அமைப்பில் அந்தப் பொத்தானை மாற்றிவிடுங்கள். வேறு எதையும் தொடும் முன் அவசர நிறுத்தப் பொத்தான் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி ஓட்டுவது. ஏறக்குறைய எல்லோரும் வண்டியை அசுர வேகத்தில் விரட்டுகிறார்கள், ஒலி எஞ்சின் வாங்கியவர்களும்கூட. எச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் அந்த அளவில் ஒரு மீட்டரைக் கடக்க மூன்று விநாடிக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். யார்டில் 10 கி.மீ. வேகத்தில் ஷண்டிங் செய்யும் எஞ்சினுக்கு அதே ஒரு மீட்டருக்கு அரை நிமிடம் ஆகும். ஒரு ஸ்கேலையும் கடிகாரத்தையும் வைத்துப் பாருங்கள். நீங்கள் 'மெதுவாக' என்று நினைத்திருந்தது எவ்வளவு வேகம் என்பது தெரியும். ரிமோட்டில் 128 வேகப் படிகளைத் தேர்ந்தெடுங்கள். 28 படிகளில் ஊர்ந்து போவது கடினம்.

அடுத்து சி.வி. எனப்படும், டிகோடர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அமைப்பு எண்கள். சி.வி.3 வேகம் பிடிக்க ஆகும் நேரம், சி.வி.4 நிற்க ஆகும் நேரம். இரண்டையும் துணிந்து கூட்டுங்கள். அப்போதுதான் ஒலிக்கு வேலை வருகிறது. குமிழைத் திருப்பியதும் எஞ்சின் உறுமல் ஏறும், வண்டி மெல்லத்தான் கிளம்பும். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் உறுமல் உடனே அடங்கும், ஆனால் வண்டி உருண்டுகொண்டே போகும். நிறுத்த வேண்டுமானால் பிரேக் பொத்தானை அழுத்த வேண்டும். லோக்சவுண்ட் 5, சுனாமி2 போன்ற டிகோடர்களில் இந்த வசதி உண்டு. ஒரு பெட்டியோடு இடிக்காமல் போய்ச் சேர, பிரேக்கை எங்கே பிடிப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருக்கும். லோகோ பைலட் செய்யும் வேலை கிட்டத்தட்ட அதுதான். லோக்சவுண்டில் 'டிரைவ் ஹோல்டு' என்று இன்னொன்று இருக்கிறது. அதை அழுத்தினால் வேகம் அப்படியே நிற்கும், குமிழ் எஞ்சின் ஒலியை மட்டும் ஏற்றும், இறக்கும். மேட்டில் ஏறும்போது வேகம் மாறாமல் எஞ்சின் மட்டும் முக்கி முனகும். இறக்கத்தில் ஐடிலில் விட்டு வண்டி தானாக உருளும். இதைப் பழகிய பிறகு சாதாரண எஞ்சினுக்குத் திரும்ப மனம் வராது.

எந்த டீசலின் ஒலி வேண்டும் என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஈரோடு, பொன்மலை ஷெட்களில் நாம் பார்த்துக் கேட்டு வளர்ந்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. முதல் எஞ்சின்கள் 1962-இல் அங்கிருந்தே வந்தன; பிறகு வாரணாசியில் கட்டினார்கள். 2,600 குதிரைத்திறன், 16 சிலிண்டர், ஆல்கோ 251 என்ற நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின். அமெரிக்க ஆல்கோ மாதிரிகளுக்காகப் பதிவு செய்த 251 ஒலி டிகோடர்களில் கிடைக்கிறது. அந்தத் தடக்கு தடக்கு ஐடில் கேட்டதும் பிளாட்பாரம் கண்முன் வந்து நிற்கும். பிறகு வந்த டபிள்யூ.டி.ஜி.-4, டபிள்யூ.டி.பி.-4 எஞ்சின்களில் இருப்பது இ.எம்.டி. என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் 710, இரண்டு வீச்சு. சீரான ரீங்காரம், எனக்குச் சுவைப்பதில்லை. ஹாரனில் மட்டும் ஏமாறுவீர்கள்: அமெரிக்க ஹாரன் பல குழல்கள் சேர்ந்து ஒலிப்பது. அமெரிக்க எஞ்சினாகவே ஓட்டுகிறீர்கள் என்றால் லெவல் கிராசிங்கில் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று அடியுங்கள். அங்கே அதுதான் விதி.

எஞ்சினுக்கு அதன் உடலில் எழுதியிருக்கும் எண்ணையே டி.சி.சி. முகவரியாக வைக்க எல்லோருக்கும் ஆசை. அமெரிக்க எஞ்சின் எண்கள் பெரும்பாலும் நான்கு இலக்கத்துக்குள் அடங்கும், அவர்களுக்குக் கவலையில்லை. நம் டபிள்யூ.டி.எம்.-2 எண்கள் ஐந்து இலக்கம், டி.சி.சி. முகவரியோ 10239-ஐத் தாண்டாது. கடைசி நான்கு இலக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். (நம் அகல ரயில் பாதையின் 1,676 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும்; அதை விட்டு எச்.ஓ.வின் 16.5 மி.மீ. பாதையில் ஓட்டிச் சமாளிப்பவர்கள்தானே நாம்.)

ஒலி அளவைக் குறைத்தே ஆக வேண்டும். கடையிலிருந்து வரும்போது கண்காட்சிக் கூடத்துக்கு ஏற்ற சத்தத்தில் வைத்திருக்கிறார்கள். லோக்சவுண்டில் சி.வி.63, சுனாமி2-இல் சி.வி.128 ஆகியவை மொத்த ஒலி அளவு. பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஒரு முழம் தள்ளி நின்று கேட்டால் எஞ்சின் ஒலி, பக்கத்து அறையில் ஒன்றும் இல்லை என்றால் அளவு சரி.

ஒலி விட்டு விட்டு வந்தாலோ, எஞ்சின் மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆவதுபோல் கேட்டாலோ தண்டவாளத்தில் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சக்கரங்களையும் சேர்த்து. உப்புத்தாளை எடுக்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாக ஏறும். நொடி நேர மின்தடையைத் தாங்கும் மின்தேக்கி இணைப்பு தனியாக விற்கிறது, டிகோடர் ஏற்குமானால் போடலாம்.

கடைசியாக, உங்களிடம் டிகோடர் இல்லாத பழைய எஞ்சின்களும் இருக்கும் என்று தோன்றுகிறது. அவற்றை டி.சி.சி. மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் வைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே ரீங்கரித்து மோட்டார் சூடாகிக் கருகிப்போகும். அவற்றுக்குத் தனிப் பாதையும், இப்போது உங்களிடம் இருக்கும் 12 வோல்ட் கண்ட்ரோலரும் போதும்.