டேங்குக்கு எத்தனை மி.லி. ஊற்றுவது?

கேள்வி: என்னிடம் 16 லிட்டர் கைத்தெளிப்பான் இருக்கிறது. ஒரு பூச்சிமருந்தின் லேபிளில் லிட்டருக்கு 2 மி.லி. என்று போட்டிருக்கிறது. வேப்பெண்ணெயை 3 சதவீதக் கரைசலாக அடிக்கச் சொல்கிறார்கள். தனித்தனியாக அடிக்கும்போது டேங்குக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்? 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்? மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சில் சிசி என்று இருக்கிறதே, அது வேறு அளவா?

பதில்: சிசி என்றால் கன சென்டிமீட்டர், அதுவும் மி.லி.யும் ஒன்றுதான். 5 மி.லி. மருந்து என்றால் 5 சிசி கோடு வரை இழுங்கள்.

பூச்சிமருந்தின் கணக்கும் லேசானது: 16 லிட்டருக்கு 32 மி.லி. அதை மூடியால் அளக்காதீர்கள், மூடிக்கு மூடி கொள்ளளவு மாறும். கோடு போட்ட அளவுக் குவளை வேண்டும்.

சதவீதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 3 சதவீதம் என்றதும் லிட்டருக்கு 3 மி.லி. என்று எடுத்துக்கொள்கிறார்கள். 100 மி.லி. கரைசலில் 3 மி.லி. இருந்தால்தான் அது 3 சதவீதம். லிட்டருக்கு 1000 மி.லி. என்பதால் 30 மி.லி. ஆகிறது, உங்கள் டேங்குக்கு 480 மி.லி., அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 48 மி.லி. மட்டும் ஊற்றிவிட்டு வேப்பெண்ணெய் கேட்கவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்! எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி ஊற்றி, அப்புறம் 16 லிட்டர் கோடு வரை தண்ணீர் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

சரி, தொட்டி. 3 × 2 × 1.5 = 9 கன மீட்டர். மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் கன மீட்டருக்கும் 100 லிட்டர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் நூறு நூறாகப் பெருக்கினால் 10 லட்சம் சிசி வரும். அது 1000 லிட்டர். ஆக, உங்கள் தொட்டி நிறைந்தால் 9000 லிட்டர். சுவரின் கனத்தைச் சேர்க்காமல் உள்ளளவை மட்டும் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு சரி.

தொட்டி எப்போதும் நிறைந்திருக்காது அல்லவா? ஒரு குச்சியில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு உள்ளே விட்டுப் பாருங்கள். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் 60 லிட்டர், ஏறக்குறைய நாலு டேங்க்.

இன்னொன்று, பொடி மருந்துக்கு லேபிளில் கிராம்தான் இருக்கும். அதை மி.லி. குவளையில் அளந்தால் தப்பாகிவிடும், தராசில் எடைபோட்டே கலக்குங்கள்.