பாட்டு இழுபடுகிறதா? முதலில் வேகத்தைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா, இரண்டு ராக் குழுக்கள் சேர்ந்து குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட 7 அங்குல வினைல் சிங்கிள் ஒன்றை அனுப்பினார். அப்பாவின் பழைய பிளேயரில் போட்டால் பாட்டு இழுபடுகிறது. தட்டு பழுதா? வைத்திருந்தால் விலை ஏறுமா?
- வாசகர், கல்லடி

பதில்: தட்டில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. 7 அங்குல சிங்கிள்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட வேண்டியவை (1949இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்த வழக்கம்), உங்கள் பிளேயர் எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய) தட்டுக்கான 33⅓இல் நிற்கிறது போல, அதனால்தான் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரிக் கேட்கிறது. சுவிட்சை 45க்கு மாற்றுங்கள். நடுத்துளை பெரிதென்றால் துளையை அடைக்கும் ஒரு அடாப்டர் வேண்டும். ஆனால் அப்பாவுடையது இரும்பு ஊசி போட்ட கிராமபோன் என்றால் தயவுசெய்து வைக்கவே வேண்டாம், தட்டின் பள்ளங்களைக் கிழித்துவிடும்.

விலையா? இரு குழுவின் ரசிகர்களும் தேடுவார்கள், அச்சிட்டதும் கொஞ்சம், ஏறலாம். ஆனால் 2008இல் ரெக்கார்ட் ஸ்டோர் டே (இசைத்தட்டுக் கடைகளுக்கான வருடாந்தக் கொண்டாட்ட நாள்) தொடங்கிய பிறகு இப்படி லிமிட்டட் தட்டுகள் வருடா வருடம் குவிகின்றன, எல்லாம் விலை போவதில்லை. நானென்றால் போட்டுக் கேட்பேன். அப்புறம், மட்டக்களப்பு வெயிலில் வளைந்த தட்டை ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஜன்னலோரம் வேண்டாம், நிமிர்த்தி வையுங்கள், மாரியில் உறை பூஞ்சணம் பிடிக்காமலும் பாருங்கள்.